கரப்பானுக்குப் புரோபயாடிக் பாக்கெட்டா, களிம்பா? குழந்தையின் எக்ஸிமாவுக்கு எதில் முதலில் காசு போடுவது

முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்மடிப்பிலும் தோல் சொரசொரவென்று தடித்துக் கிடக்கிறது. ராத்திரி முழுக்கச் சொறிந்ததில் காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டு. இந்தக் குழந்தைக்கு என்ன வாங்குவது என்று கேட்டால் சேலத்தில் நாலு பக்கமிருந்தும் பதில் வரும். டாக்டர் சீட்டில் பூசுகிற களிம்பு. மருந்துக் கடையில் "குடலைச் சரிபண்ணினால் தோல் சரியாகும்" என்று, குடலுக்கு நல்ல நுண்ணுயிர் அடங்கிய ஒரு புரோபயாடிக் பாக்கெட். வீட்டில் ஆயா, "இது கரப்பான், கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்து" என்பார். பக்கத்து வீட்டில், "போர் தண்ணிதான் காரணம், தண்ணியை மென்மையாக்கும் மெஷின் வையுங்கள்" என்பார்கள்.

தறிக்கூலியிலும் வெள்ளிப் பட்டறைச் சம்பளத்திலும் ஓடும் வீட்டில் நான்கையும் ஒன்றாகச் செய்ய முடியாது. செய்தாலும் எது வேலை செய்தது என்று தெரியாது. எனவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முதல் காசு தோலின் ஈரத்தைக் காக்கும் மாய்ஸ்சரைசருக்கு, அடுத்தது அழற்சியை அடக்கும், சரியான வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்புக்கு. இரண்டும் ஒழுங்காக நடந்து, அப்புறமும் கையில் மிச்சம் இருந்தால் மட்டும் பாக்கெட். உணவை நிறுத்துவது கடைசி, அதுவும் தக்க காரணம் இருந்தால்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று. இது எக்ஸிமாதானா? விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண் குழந்தைக்குப் பிறப்புறுப்பில் பொரிபொரியாக வந்து, ராத்திரியில் அரிப்பு கூடி, வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறது என்றால் அது சிரங்காக இருக்கலாம். ஓரம் மட்டும் உயர்ந்து, நடு தெளிந்த வட்டம் என்றால் படர்தாமரை. சிரங்குக்குப் புரோபயாடிக் கொடுத்துக் காத்திருந்தால் வீடே சொறியும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு பூசினால் வட்டம் பரவும், அடையாளமும் மறைந்துவிடும். ஒரு முறை தோல் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டக் கட்டணம் கிடையாது.

புரோபயாடிக்: ஆய்வுகள் சொல்வது எவ்வளவு

எண்ணம் தவறானதில்லை. குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குகின்றன. எக்ஸிமா உள்ள குழந்தைகளின் குடலில் அந்தக் கூட்டம் வேறு மாதிரி இருப்பதும் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே நல்ல பாக்டீரியாவை வாய்வழி கொடுத்தால் தோல் அடங்குமா என்று ஆராய்ந்ததில் தப்பே இல்லை. விடைதான் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை.

காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2018-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 39 சோதனைகளையும் 2,599 பேரையும் சேர்த்துப் பார்த்தது. பெரும்பாலானோர் குழந்தைகள். அரிப்பையும் தூக்கக் கெடுதலையும் குடும்பமே மதிப்பிடும் 20 புள்ளி அளவுகோலில், பாக்டீரியா சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை. தோலின் பரப்பையும் டாக்டரின் பார்வையையும் சேர்த்த 103 புள்ளி ஸ்கோராட் அளவுகோலில் சுமார் 4 புள்ளி குறைந்தது. நோயாளி தன் உடம்பில் உணரும் அளவுக்கு மாற்றம் வர அந்த அளவுகோலில் 8 அல்லது 9 புள்ளியாவது குறைய வேண்டும். காகிதத்தில் வித்தியாசம் இருக்கிறது, ராத்திரித் தூக்கத்தில் இல்லை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். அதே 2018-ல் ஸ்பெயினில் 4 முதல் 17 வயது வரையான 50 பேரை வைத்து 12 வாரம் நடந்த சோதனையில் ஸ்கோராட் சுமார் 19 புள்ளி கூடுதலாக இறங்கியது. பெரிய இறக்கம்தான். ஆனால் அதில் கொடுத்தவை மூன்று குறிப்பிட்ட ரகங்கள்: பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் சிஇசிடி 8145, பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் சிஇசிடி 7347, லாக்டோபேசில்லஸ் கேசி சிஇசிடி 9104. பெயருக்குப் பின்னால் வரும் அந்த எண்தான் விஷயம். மாம்பழம் என்றால் மல்கோவாவும் மாம்பழம், காட்டு மாங்காயும் மாம்பழம். லாக்டோபேசில்லஸ் என்று மட்டும் அச்சிட்ட பெட்டிக்கு அந்த ஆய்வு சாட்சி ஆகாது.

கடையில் அதிகம் கைக்கு வருவது பேசில்லஸ் கிளாசி குப்பியும் சாக்கரோமைசிஸ் போலார்டி பாக்கெட்டும். இரண்டுமே வயிற்றுப்போக்குக்கு என்று வைத்திருப்பவை. முதலாவது தடித்த உறைக்குள் உறங்கும் பாக்டீரியா வித்து, இரண்டாவது பாக்டீரியாவே அல்ல, ஈஸ்ட். வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தது மிச்சம் இருக்கிறது என்று எக்ஸிமாவுக்கு நீட்டுவதில் அர்த்தமில்லை.

வீட்டுத் தயிர்? பழைய சோற்று நீராகாரம்? இரண்டிலும் லாக்டிக் அமில பாக்டீரியா உண்டு, இரண்டும் நல்ல சாப்பாடு. ஏற்காட்டுக் குளிரில் தயிர் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று நிறுத்தவும் வேண்டாம். ஆனால் உறை மோருக்கு உறை மோர் ரகமும் எண்ணிக்கையும் மாறும். சாப்பாடாகக் கொடுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம்.

பாக்கெட் ஏன் இவ்வளவு பேருக்கு "கேட்டது" என்று தோன்றுகிறது? எக்ஸிமா ஏறி இறங்கும் நோய். உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் புது மருந்து தேடி ஓடுவார்கள். உச்சத்துக்கு அடுத்தது எப்படியும் இறக்கம்தான். அந்த இறக்கத்தின் பெயரை அந்த வாரம் கொடுத்த பாக்கெட் வாங்கிக்கொள்கிறது. இதே காரணத்தால்தான் கத்தரிக்காயை நிறுத்தியதும் கேட்கிறது, மந்திரித்ததும் கேட்கிறது.

ஆபத்து பற்றி: நன்றாக வளரும் ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரிய தொல்லை வராது, அந்தத் தொகுப்பாய்விலும் பக்க விளைவு கூடவில்லை. குறைமாதத்தில் பிறந்த சிசு, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை, பெரிய ரத்தச் சிரையில் பொருத்திய குழாய் வழியே மருந்து ஏறும் குழந்தை ஆகியோருக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிடலாம். குறைமாதச் சிசுக்கள் விஷயத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 அக்டோபரில் எச்சரிக்கையே விட்டது. பால் அலர்ஜி உறுதியான குழந்தை என்றால் பெட்டியின் பின்புறம் பால் புரதம் இருக்கிறதா என்று படியுங்கள். சிலவற்றில் இருக்கும்.

களிம்பு: வேலை செய்வது இதுதான், கெடுவது அளவில்தான்

எக்ஸிமாத் தோல் பூச்சு உதிர்ந்த சுவர் மாதிரி. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியிலிருக்கும் அழுக்கும் கிருமியும் உள்ளே போகின்றன. சிலருக்குத் தோலைக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவிலேயே குறை இருக்கும். பூசுவதுதான் முதல் வைத்தியம் என்பதற்குக் காரணம் இதுவே.

மாய்ஸ்சரைசரில் நடக்கும் பெரிய தவறு, கொஞ்சமாகப் பூசுவது. உடம்பு முழுக்க வறண்ட சின்னக் குழந்தைக்கு வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் போக வேண்டும். 100 கிராம் டியூப் ஒரு மாதம் வருகிறது என்றால் வைத்தியம் இன்னும் தொடங்கவில்லை என்று பொருள். அந்த அளவுக்கு விலையுயர்ந்த டியூப் கட்டுப்படியாகாது, ஆக வேண்டிய அவசியமும் இல்லை. இங்கிலாந்தில் 550 குழந்தைகளை வைத்து லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மென்ட் நான்கையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஆய்வில் எந்த வகையும் மற்றதைவிட மேல் என்று வரவில்லை. வாசனை சேர்க்காதது, அதிக அளவில் வாங்கக் கூடியது, குழந்தை முரண்டு பிடிக்காமல் பூச விடுவது. இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள். வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியே போதும்.

சேலம் வெயிலுக்கு ஒரு திருத்தம். ஏப்ரல், மே மாதங்களில் பகலில் கெட்டி ஆயின்மென்ட் பூசினால் வியர்வை அடைத்து வேர்க்குரு வரும், அரிப்பு கூடும். பகலில் லோஷன் அல்லது கிரீம், இரவில் ஆயின்மென்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். கொண்டை ஊசி வளைவு 20-ஐயும் தாண்டி ஏற்காடு போய்விட்டால் கதை வேறு. மலையில் டிசம்பர், ஜனவரியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதும், கம்பளி ஸ்வெட்டரை நேரடியாகத் தோல்மேல் மாட்டுவதும்தான் அங்கே எக்ஸிமாவைக் கிளப்பும். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம், ஸ்வெட்டருக்கு உள்ளே பருத்திச் சட்டை, பகலிலும் ஆயின்மென்ட்.

பூசும் முறை: துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தோல் ஈரமாக இருக்கும்போதே, சில நிமிடத்துக்குள், முடி படிந்த திசையில் நீவிப் பூசுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால் அடைத்துச் சீழ்ப்பொரி வரும். டப்பாவில் கையை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்தக் கிரீம்கள் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். விறகடுப்பு, கணப்பு, குத்துவிளக்கு பக்கத்தில் அந்தக் குழந்தையை விடாதீர்கள். உடுப்பையும் படுக்கை விரிப்பையும் அடிக்கடி மாற்றுங்கள்.

அடுத்தது ஸ்டீராய்டு. இந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. குளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன் போன்ற கடும் ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கூட்டுக் களிம்பைச் சீட்டில்லாமல் வாங்கி, மாதக்கணக்கில் முகத்தில் பூசித் தோல் மெலிந்தவர்கள் ஏராளம். அதனால்தான் 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு கட்டாயமான அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பயத்தில் சரியான களிம்பைக்கூட மெல்லத் தொட்டு வைத்தால் தடிப்பு அடங்காது. அடங்காததால் இன்னும் பல வாரம் பூச வேண்டி வரும். மொத்தத்தில் குழந்தைக்குப் போகும் மருந்து கூடத்தான் செய்யும்.

அளவுக்கு விரல்நுனிக் கணக்கு இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரலை நீட்டி, முதல் ரேகை தொடங்கி நுனி வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். அது ஒரு அலகு, ஏறக்குறைய அரை கிராம். விரல்களைச் சேர்த்துப் பிடித்த பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு ஒரு கால் முழுக்கப் பூசப் பாதத்தோடு 3 அலகு, ஒரு கை முழுக்க 2 அலகு, முகமும் கழுத்தும் சேர்த்து ஒன்றரை. இரண்டு காலும் முழுக்கத் தடித்திருந்தால் நாளைக்கு 6 அலகு, 3 கிராம். 15 கிராம் டியூப் அஞ்சே நாளில் தீரும். தீரட்டும், அது தவறல்ல. முழங்கால் மடிப்பு இரண்டும் சேர்ந்து ஓர் உள்ளங்கை அளவுதான் என்றால் அரை அலகே போதும்.

வழக்கமான பங்கீடு இது: முகத்துக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் மாதிரி மென்மையானது, 3 முதல் 5 நாள். உடம்புக்கு டாக்டர் எழுதும் நடுத்தர வீரியம், 7 முதல் 14 நாள். எது, எத்தனை வேளை என்பது சீட்டில் இருக்கும். மாய்ஸ்சரைசருக்கும் இதற்கும் நடுவில் 20 அல்லது 30 நிமிட இடைவெளி விடுங்கள். எப்போது நிறுத்துவது? கண்ணால் பார்த்தல்ல, விரலால் தடவிப் பார்த்து. நம் நிறத் தோலில் எக்ஸிமா சிவப்பாகத் தெரியாது, சாம்பலாகவோ கரும்பழுப்பாகவோ ஊதா சாயலாகவோ இருக்கும். தடிப்பும் சொரசொரப்பும் போய் மற்ற தோல் மாதிரியே வழவழப்பாக வரும்வரை பூச வேண்டும். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். ஆறிய இடம் வெளுத்திருந்தால் களிம்பு வெளுக்கவைத்துவிட்டது என்றோ, பூச்சி, கால்சியம் குறைவு என்றோ கலங்க வேண்டாம். புண் ஆறிய தடம்தான் பெரும்பாலும் அப்படித் தெரிகிறது.

திரும்பத் திரும்ப அதே இடத்தில் வருகிறதென்றால், அடங்கிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், சனி ஞாயிறு என்று வைத்துக்கொண்டு, அந்த இடங்களில் பூசி வருவதுண்டு. வராமல் தடுக்கும் வைத்தியம் அது, டாக்டர் மேற்பார்வையில். கண் இமை, முகம், அக்குள் போன்ற மெல்லிய இடங்களுக்கு 2 வயதுக்கு மேல், ஸ்டீராய்டு அல்லாத 0.03 சதவீத டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட் இருக்கிறது. தோலை மெலியவைக்காது. முதல் சில நாள் எரியும், அதற்குப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நாலைந்து நாளில் பழகிவிடும்.

கரப்பான் பண்டம்

கத்தரிக்காய், கருவாடு, சோளம், வாழைக்காய், சேலத்தில் சீசன் வந்தால் மாம்பழமும் சேரும், "சூடு" என்று. குழந்தைக்கு மட்டுமல்ல, பால் கொடுக்கும் தாய்க்கும் பத்தியம் விழும். இந்தப் பட்டியலுக்கு எக்ஸிமாவோடு பொதுவான தொடர்பு இல்லை. மாம்பழப் பால் வாயோரத்தில் பட்டு அரிப்பது தனி விஷயம். துடைத்துவிட்டு, சாப்பிடும் முன் வாயைச் சுற்றிக் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் தீர்ந்தது.

பாலையும் முட்டையையும் நிறுத்துவதைத்தான் நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். ரத்தப் பரிசோதனையில் "பால் பாசிட்டிவ்" என்று வந்தால் அது உடம்பு பாலுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியதற்கான தடயம் மட்டுமே, அலர்ஜி என்று தீர்ப்பல்ல. தொல்லை இல்லாமல் சாப்பிட்டு வந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது சில குழந்தைகளுக்கு மூச்சுத் திணறும் அளவுக்கு அலர்ஜி வருகிறது. அதற்கு முன் எடையும் எலும்பும் தேயும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு தடித்து, வாந்தி எடுத்து, இளைப்பு வந்தால் அது தக்க காரணம், டாக்டரிடம் போங்கள். புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் கடும் எக்ஸிமா, களிம்புக்கும் அடங்கவில்லை என்றால், பால் புரதத்தைச் சிதைத்த பால்மாவை 6 முதல் 8 வாரம் வைத்துப் பார்ப்பதும் டாக்டர் சொல்லித்தான்.

எண்ணெயும் தண்ணீரும்

பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளை வைத்து 2014-ல் வெளியான சோதனையில், வெர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. லேசான எக்ஸிமாவுக்கு அது நல்ல மாய்ஸ்சரைசர். அதிலேயே குப்பைமேனியும் வேப்பிலையும் காய்ச்சிச் சேர்த்துப் புண்ணில் போடுவதில்தான் எரிச்சல் வருகிறது. கடலை மாவும் பயத்த மாவும் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டாம். உரசல் ஒரு கேடு. உடைந்த தோல் வழியே உணவுப் புரதம் நுழைந்தால் அதற்கே அலர்ஜி பழகிவிடலாம் என்பது இன்னொரு கேடு.

போர் தண்ணீரின் உப்பைப் பற்றிய கவலை நியாயமாகத்தான் தோன்றும். இங்கிலாந்தில் கடினநீர்ப் பகுதியில் 336 குழந்தைகளின் வீட்டில் நீரை மென்மையாக்கும் மெஷினை 12 வாரம் வைத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. வழக்கமான வைத்தியத்தோடு சேர்த்து வைத்ததில் எக்ஸிமாவுக்குக் கூடுதல் பலன் இல்லை. கடின நீரில் சோப்பு நுரைக்காததால் கூடுதலாகத் தேய்ப்பார்கள், அதுதான் வறட்டும். மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டுவதில் தப்பில்லை. மெஷினுக்குக் கடன் வாங்க வேண்டாம்.

அப்படியும் பாக்கெட் கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால்

எட்டு வாரம், அதற்கு மேல் இல்லை. ஒரு பாக்கெட் 20 ரூபாய் என்று வைத்தாலே 56 நாளைக்கு 1,120 ரூபாய். தொடங்கும் முன் இரண்டு வாரமாவது மாய்ஸ்சரைசரும் களிம்பும் மேலே சொன்ன அளவில் நடந்திருக்க வேண்டும். இந்த எட்டு வாரமும் அதில் எதையும் மாற்றக் கூடாது, உணவையும் மாற்றக் கூடாது.

அளக்க ஒரு நோட்டு போதும். போயம் என்ற அளவுகோலில் ஏழு கேள்விகள்: போன வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, தூக்கம் கெட்டது, ரத்தம் கசிந்தது, நீர் வடிந்தது, தோல் வெடித்தது, செதில் உதிர்ந்தது, வறண்டு சொரசொரத்தது. ஒரு நாளும் இல்லை என்றால் 0, ஒன்றிரண்டு நாள் 1, மூன்று நான்கு நாள் 2, ஐந்தாறு நாள் 3, தினமும் என்றால் 4. மொத்தம் 28. ஞாயிறுதோறும் ஒரே ஆள் எழுத வேண்டும். தாய் ஒரு வாரம், அத்தை ஒரு வாரம் என்றால் கணக்கு தடம்புரளும். எட்டாம் வாரம் குறைந்தது 4 புள்ளி இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். இறங்கியிருந்தாலும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். ஏறினால்தான் பாக்கெட்டுக்குப் பெயர் கொடுக்கலாம்.

வாங்கும்போது ரகத்தின் எண், காலாவதி நாள் வரை உத்தரவாதமான எண்ணிக்கை, வைக்க வேண்டிய வெப்பநிலை மூன்றும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். 25 டிகிரிக்குக் கீழ் வைக்கச் சொன்ன பாக்கெட் சேலத்து மே மாத அலமாரியில் இருந்தால் உள்ளிருக்கும் உயிர் குறைந்துகொண்டே போகும். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். சூடான பாலில் கலக்க வேண்டாம், ஆறிய நீரிலோ தயிரிலோ கலக்கி உடனே கொடுங்கள். ஆன்டிபயாடிக் நடந்தால் இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

அடுத்த குழந்தைக்குக் காத்திருக்கும் வீட்டில் கேள்வி வேறு. நோயைத் தீர்ப்பதும் வராமல் தடுப்பதும் ஒன்றல்ல. விளம்பரங்கள் இரண்டையும் குழப்புகின்றன. 2001-ல் பின்லாந்தில் 159 கர்ப்பிணிகளோடு நடந்த சோதனையில், பிரசவத்துக்கு 2 முதல் 4 வாரம் முன்பிருந்து தாய்க்கும், பிறந்தபின் ஆறு மாதமும் லாக்டோபேசில்லஸ் ஜிஜி கொடுத்தார்கள். இரண்டு வயதில் எக்ஸிமா, கொடுக்காத பக்கம் 46 சதவீதம், கொடுத்த பக்கம் 23 சதவீதம். ஜெர்மனியில் அதே ரகத்தை வைத்து 2008-ல் வந்த ஆய்வில் இந்த வித்தியாசம் இல்லவே இல்லை. உலக அலர்ஜி அமைப்பு 2015-ல், குடும்பத்தில் அலர்ஜி உள்ள கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது, ஆதாரம் மிக மெலிது என்று தானே சொல்லிக்கொண்டு. மூத்த குழந்தைக்குக் கடும் எக்ஸிமா இருந்தால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எந்த வழியில் இருந்தாலும் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. மஞ்சள் பொருக்கு கட்டி நீர் வடிந்தால் மறுநாளுக்குள் டாக்டர். ஆனால் ஒரே அளவில், குத்தி எடுத்த மாதிரி குழிக்குழியாகப் புண்களோ கொப்புளங்களோ கொத்தாக எழும்பி, வலித்து, காய்ச்சலும் இருந்தால் அது எக்ஸிமாமேல் ஏறிய ஹெர்ப்பிஸ் வைரஸ் தொற்று. கண் பக்கம் வந்தால் பார்வைக்கே ஆபத்து. அந்த வைரஸுக்கான ஏசைக்ளோவிர் மருந்தை அன்றைக்கே தொடங்க வேண்டும். ஏற்காட்டில் இருந்தால் விடியட்டும் என்று இருக்காமல் அந்த ராத்திரியே கீழே இறங்கிவிடுங்கள்.